காண்டலும் உரையும்: மெய்நிகர் இல்ல உலாக்களில் ஒளிப்படமும் கணினிப் படிமமும் – மதுரை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீடு விற்போரும் வாடகைக்கு விடுவோரும் இன்று கைப்பேசித் திரையில் காட்டும் மெய்நிகர் இல்ல உலா இருவகைப்படும். நிற்கின்ற வீட்டை ஒளிப்படமெடுத்து ஒட்டிச் சேர்த்தது ஒன்று. வரைபடத்திலிருந்து கணினி ஆக்கியது மற்றொன்று. முன்னதை மெய்யென்றும் பின்னதைப் பொய்யென்றும் பிரிப்பது போதாது. தமிழ் அளவையியல் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஒரு படிமம் எதன்பாற்படும் என்று வினவுவதே பயனுடைய அணுகுமுறை என்பதை இக்கட்டுரை மதுரை நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சான்றாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உலா, ஒளிப்படம், கணினிப் படிமம், திருமலை நாயக்கர் அரண்மனை, கீழடி, அளவையியல், மனை வணிகச் சட்டம்

1. முன்னுரை

மதுரையின் புறநகரில் வீடு வாங்குவோர் பலர் மதுரையில் இருப்பதில்லை. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிவோர், சொந்த ஊரில் ஒரு வீடு வேண்டும் என்னும் விருப்பத்தால் திரையில் பார்த்து முன்பணம் அனுப்புகின்றனர். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மெய்நிகர் உலா. விரலால் திரையைத் தள்ளினால் கூடம் சுழல்கிறது. அம்புக்குறியைத் தொட்டால் அடுக்களைக்குள் நுழைய முடிகிறது.

பேச்சுத் தமிழ் ஒளிப்படத்தைப் ‘படம் எடுப்பது’, ‘படம் பிடிப்பது’ என்கிறது. ஓவியத்தைப் ‘படம் வரைவது’, ‘படம் போடுவது’ என்கிறது. வினை வேறு, பெயர் ஒன்று. இருக்கும் ஒன்றிலிருந்து எடுக்கப்படுவதற்கும், இல்லாத ஒன்றைக் கையால் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மொழி வினைச்சொல்லில் காத்து வைத்திருக்கிறது. திரையில் எஞ்சுவதோ ‘படம்’ என்னும் பெயர் மட்டும். அங்கே வினை மறைந்து விடுகிறது.

சைவ சித்தாந்த அளவை நூல்கள் அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுப்பது அறிந்ததே. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’ அளவைகளோடு அமையாது, அறிவின் பிழைகளையும் எண்ணித் தருகிறது. அவற்றுள் ஒன்று திரியக்கோடல்: ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல், இப்பியை வெள்ளி என்று உணர்வது போல. மெய்நிகர் இல்ல உலாவில் நேரும் இடர்களுள் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

2. ஒட்டிச் சேர்த்த படத்தின் முன்வரலாறு

பார்வையாளரைச் சுற்றிக் காட்சியை வளைத்து வைக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. 1787இல் இராபர்ட் பார்க்கர் வட்டக்காட்சி ஓவியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1800இல் இலண்டனில் இராபர்ட் கெர் போர்ட்டர், திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகையை ஏறத்தாழ 120 அடி நீளமுள்ள வளைவோவியமாகக் காட்டினார். அவர் அதுவரை இந்தியாவுக்கு வந்தவரல்லர். போரில் இருந்தோர் சொல்லக் கேட்டு வரைந்தார். மக்கள் திரண்டு சென்று, நேரில் கண்டது போன்ற உணர்வோடு திரும்பினர். கேள்வியால் அறிந்தது கண்ணால் கண்டதன் உடையணிந்து வந்த தொடக்கச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

மதுரைக்கு 1792இல் வந்த தாமசு தேனியல், வில்லியம் தேனியல் இருவரும் இருட்டறைக் கருவியின் துணையோடு வரைந்தவர்கள். நாயக்கர் அரண்மனையின் சிதைவைக் காட்டும் அவர்களது அச்சோவியம் சில ஆண்டுகள் கழித்து இலண்டனில் வெளியாயிற்று. இடத்தில் நின்று எடுத்த குறிப்பும், கடல் கடந்த பட்டறையில் ஏற்றிய வண்ணமும் அதில் கலந்துள்ளன.

ஒளிப்படத்தின் வருகை இந்தக் கலப்பை நீக்கிவிட்டதா? சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்றைய உலா மென்பொருள் நொடியில் செய்யும் ‘தையல்’ வேலையை அவர் கத்தியாலும் பசையாலும் செய்தார் எனலாம். கல்வெட்டு வரிகளே அங்குச் சரிபார்க்கும் அளவுகோல். ஓரெழுத்து விடுபட்டாலும் இருமுறை வந்தாலும் ஒட்டு பிழைத்தது தெரிந்துவிடும்.

அதே டிரைப், வெறுமையாக விழுந்த வானத்தைப் பொறுக்காமல் எதிர்ச்சுருள் தாளின்மேல் வண்ணந்தீட்டி மேகங்களைச் சேர்த்தார், இலைகளையும் திருத்தினார். கல்லை எடுத்தார், வானத்தை வரைந்தார் என்று சுருங்கச் சொல்லலாம். மனை விளம்பரப் படங்களில் சாம்பல் வானம் நீலமாக மாற்றப்படுவது புதிய பழக்கம் அன்று.

3. அரண்மனை என்னும் இல்லம்

மதுரையில் ஒளிப்பட உலாவின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது திருமலை நாயக்கர் அரண்மனை. 1636ஆம் ஆண்டையொட்டி எழுந்த இது ஓர் அரசரின் இல்லம். சொர்க்கவிலாசம், அரங்கவிலாசம் என இரு பெரும் பகுதிகள் கொண்டது. இன்று நிற்பது முதலாவதும் அதைச் சேர்ந்த சில கட்டடங்களுமே. முழு அரண்மனையில் நான்கிலொரு பங்கே எஞ்சியதாகப் பொதுவாக மதிப்பிடுவர். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இங்கிருந்து பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார் என்பது வழங்கிவரும் செய்தி. துணிக்கடைகள் நெருங்கிய பத்துத்தூண் சந்தில் வானத்தை நோக்கி நிற்கும் கற்றூண்கள் அழிந்த பகுதியின் எச்சமாகக் கருதப்படுகின்றன.

சொர்க்கவிலாசத்தின் முற்றத்தில் முக்காலி நிறுத்திச் சுழற்படம் எடுப்பது எளிது. அவ்வாறு எடுக்கும் படம் எந்த நூற்றாண்டைக் காட்டுகிறது என்பதே கேள்வி. சென்னை மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் இக்கட்டடம் பெருமளவில் சீரமைக்கப்பட்டது. டிரைப்பின் படங்கள் அதற்கு முந்தியவை. ஆகவே இன்றைய சுழற்படத்தில் 17ஆம் நூற்றாண்டின் சுதை வேலையும் 19ஆம் நூற்றாண்டின் திருத்தமும் பிற்காலப் பூச்சும் ஒரே ஒளியில் ஒன்றாய்த் தெரிகின்றன. காண்டல் பிழையற்றது, கண்ட பொருளுக்கு இடும் பெயர்தான் பிழைக்கிறது. பழைய வீட்டைப் புதிதாகச் சுண்ணாம்படித்துப் படமெடுத்து விற்பவரிடம் ஏமாறுவோர் சிக்குவதும் இதே இடத்தில்தான்.

அரங்கவிலாசத்தை எந்த ஒளிப்படக் கருவியும் எடுக்க இயலாது. அதைக் காண விரும்பினால் கணினியிடமே செல்லவேண்டும். எஞ்சிய தூண்களின் பருமன், சொர்க்கவிலாசத்தின் வளைவுகள், பழைய விவரணைகள் ஆகியவற்றிலிருந்து ஒரு வடிவத்தை ஊகிக்கலாம். இது கருதல், புகையைக் கண்டு நெருப்பை அறிவது.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் இந்நிலையே. செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள் அகழாய்வில் வெளிப்பட்டன. கூரை ஓடுகளும் கிடைத்தன. சுவர் எவ்வளவு உயர்ந்தது, சாளரம் எங்கிருந்தது என்பவற்றைக் குழி சொல்வதில்லை. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்கு வரும் பள்ளி மாணவர் ‘அன்று வீடு எப்படி இருந்தது’ என்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு விடையாக ஆக்கப்படும் எந்தப் படிமத்திலும் அடி வரிசைச் செங்கல் காண்டலுக்கு உரியது. ஓடு பாதி காண்டல், பாதி கருதல். சாளரத்தின் ஒளி முழுதும் கருதல்.

இவ்வேறுபாட்டைப் படிமத்திலேயே காட்டவேண்டும் என்பது பண்பாட்டு மரபைக் கணினியால் காட்சிப்படுத்துவதற்கான இலண்டன் சாசனத்தின் நெறி. 2006இல் தொடங்கி 2009இல் திருத்தம் பெற்ற அச்சாசனம், எது சான்று, எது ஊகம் என்பதைப் பார்வையாளர் அறியச் செய்வதைக் கடமையாக்குகிறது. தொல்லியலுக்கு உள்ள இந்த ஒழுக்கம் மனை வணிகத்திற்கு ஏன் இல்லை என்பது விந்தையே. கீழடிச் சாளரம் பிழைத்தால் ஆய்வாளர் மறுப்பெழுதுவர். புறநகர் அடுக்ககத்தின் சாளரம் பிழைத்தால் ஒரு குடும்பம் 20 ஆண்டு தவணை கட்டும்.

4. ஒளிப்பட உலா எங்கே பிழைக்கிறது

சுழற்படம் எடுப்போர் கருவியை அதன் வில்லையின் நோக்கு மையத்தைச் சுற்றித் திருப்பவேண்டும். மையம் சற்று விலகினாலும் அருகிலுள்ள பொருள் பின்புலத்திற்கு எதிராக இடம்பெயர்ந்து தோன்றும். ஒட்டுவாயில் கதவு நிலை முறியும். இரு வில்லைகள் கொண்ட எளிய சுழற்படக் கருவிகளில் இம்முறிவு நெருக்கமான இடங்களில் மிகுதி. மதுரையின் மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒட்டிய பழைய வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீளுபவை. இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். அங்கே குளியலறையிலும் மாடிப்படிக் கீழறையிலும் ஒட்டு முறிந்து தெரியும். முறிவைக் கண்டு படம் மோசம் என்று ஒதுக்குவோர் உண்டு. அறை சிறியது என்பதற்கு அது நேர்மையான சாட்சி என்று கொள்வதே தகும்.

அகலக் கோணம் இரண்டாவது சிக்கல். முழுச் சட்டக உணரியில் 50 மில்லிமீட்டர் வில்லை கிடைமட்டத்தில் ஏறத்தாழ 40 பாகையும், 24 மில்லிமீட்டர் 74 பாகையும், 16 மில்லிமீட்டர் 97 பாகையும் காட்டும். கோணம் அகல அகல எதிர்ச்சுவர் பின்வாங்கும். ஓரத்திலுள்ள கட்டில் நீளும். சுழற்படத்தில் எல்லாத் திசையும் பதிவாகி விடுவதால் வில்லை பொறுப்பேற்பதில்லை. திரைச் சாளரத்தைத் தொடக்கத்தில் எத்தனை பாகையில் திறப்பது என்பதை உலாவை அமைப்பவர் தீர்மானிக்கிறார். ஒரே படம் 60 பாகையில் சிற்றறை, 100 பாகையில் கூடம்.

மூன்றாவது, ஒளி. நடுமுற்றத்தில் உச்சிவெயில், அதையொட்டிய உள்ளறையில் அரையிருள் என்பதே பழைய வீட்டின் இயல்பு. எந்த உணரியும் இவ்விரண்டையும் ஒருசேரப் பிடிப்பது அரிது. எனவே பல ஒளியளவுகளில் எடுத்துக் கலக்கின்றனர். கலந்த படத்தில் உள்ளறை துலங்குகிறது. அந்த அறையில் பகலிலும் விளக்குப் போடவேண்டும் என்னும் செய்தி, வாங்குவோர்க்கு மிகவும் வேண்டிய செய்தி, அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்துணுக்கும் உண்மை; கலவை எவரும் காணாத ஒரு நண்பகல்.

5. கணினிப் படிமம் எங்கே பிழைக்கிறது, எங்கே விஞ்சுகிறது

கணினி உலா கட்டட வரைபடத்தில் தொடங்குகிறது. சுவர்களை எழுப்பி, பரப்புகளுக்குப் பளிங்கு, மரம், சுண்ணம் எனப் பொருளியல்பு கொடுத்து, ஒளிக்கதிர் எங்கெங்கே பட்டுத் தெறிக்கும் என்பதைக் கணக்கிட்டு ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் பெறப்படுகிறது. இத்தொழில்நுட்பம் கண்ணை வென்று நெடுநாளாயிற்று. ஐக்கியா நிறுவனம் 2006இல் ‘பெர்ட்டில்’ என்னும் நாற்காலியில் தொடங்கிய கணினிப் படிமங்கள், 2014 அளவில் அதன் தனிப்பொருள் படங்களில் முக்கால் பங்கை எட்டியதாக அந்நிறுவனத்தாரே கூறினர். வாங்கியவர் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நாற்காலி உண்மையில் இருந்தது என்பதால் கேடும் விளையவில்லை.

விற்கப்படும் வீடு இன்னும் எழாதது. அங்கே கணினிக் கருவிக்கு முதுகுப்புறச் சுவர் தடையன்று. 10 அடி அறையில் மனிதர் சுவரோடு ஒட்டி நின்றாலும் எதிர்ச்சுவர் 9 அடியில் இருக்கும். கணினியில் பின்சுவரை மறைத்துவிட்டு 6 அடி வெளியே நின்று பார்க்கலாம். அந்தப் பார்வை அவ்வீட்டில் குடியேறும் எவருக்கும் என்றும் வாய்க்காது. அறைகலன் கோப்பில் கட்டிலின் நீளத்தைச் சற்றுக் குறைத்தால் நடைவெளி தானே அகலும். மாற்றியதற்குச் சுவடு இராது. வெளிப்புறக் காட்சியில் மின்கம்பம், அண்டை வீட்டின் பின்சுவர், கண்மாய்க் கரை முதலியன இடம்பெறாமல் புல்வெளி பரப்பப்படுவதும் உண்டு. கண்மாய்களால் பின்னப்பட்ட சமவெளியில் எது நீர்வழி என்பதை மறைக்கும் புல்வெளி வெறும் அழகன்று.

ஆயினும் ஒன்றில் கணினி ஒளிப்படத்தை விஞ்சும். ஒளிப்படம் எடுத்த கணத்தோடு கட்டுண்டது. மதுரை ஏறத்தாழ 9 பாகை 55 கலை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதிக்கும் ஆகஸ்ட் இறுதிக்கும் இடையே நண்பகல் ஞாயிறு இங்கு உச்சிக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அளவில் 13.5 பாகை வடக்கே. டிசம்பர் 21 அளவில் 33 பாகைக்கு மேல் தெற்கே சாயும். வடக்குச் சாளரத்தில் கோடையில் வெயில் விழும். மேற்குச் சுவர் மாலையில் காயும். சரியான அகலாங்கும் கட்டடத் திசையும் கொடுத்தால் ஆண்டின் எந்த நாளையும் எந்த மணியையும் கணினி காட்டும். டிசம்பரில் எடுத்த ஒளிப்படம் மே மாதத்தைப் பற்றி வாய்திறவாது. ஆனால் ஐரோப்பிய வானத்துக்கென அமைந்த முன்னிருப்பு ஒளியை அப்படியே விட்டுவிட்டால், மே மாத நண்பகலில் தெற்கு மாடத்தில் வெயில் வழிவதாகக் காட்டும் படிமம் மதுரையில் நேராத ஒன்றைக் காட்டும். படிமத்தின் வாய்மை அதற்கு ஊட்டிய தரவின் வாய்மையே.

இருவகைக்கும் இடையிலான கோடும் மங்கிவருகிறது. 2020இல் வெளிவந்த நரம்பியல் கதிர்வீச்சுப் புலம், 2023இல் வெளிவந்த முப்பரிமாணக் காசியன் தெளிப்பு ஆகிய முறைகள் பல ஒளிப்படங்களிலிருந்து எவரும் நின்றிராத இடத்துப் பார்வையையும் கணித்துத் தருகின்றன. கருவி எட்டாத மூலை இவற்றில் மூட்டமாகத் தெரியும். அந்த மூட்டம் ‘இங்கே காணப்படவில்லை’ என்னும் வாக்குமூலம். செயற்கை நுண்ணறிவால் அதை நிரப்பிச் செம்மை செய்யும்போது காண்டலுக்குள் கருதல் ஓசையின்றிப் புகுகிறது.

6. உரை என்னும் வகையும் சட்டமும்

அரங்கவிலாசத்தின் கணினிப் படிமம் கருதல் என்று மேலே கூறப்பட்டது. எழாத அடுக்ககத்தின் படிமமும் கருதலா? அன்று. கருதலுக்கு ஏது வேண்டும். நெருப்பு முன்னரே இருக்கவேண்டும். இங்கு வீடு இல்லை. ‘இவ்வாறு கட்டித் தருவேன்’ என்னும் ஒருவரது சொல்லே உள்ளது. அது உரை. உரைக்கு வலிமை சொல்பவரின் தகுதியிலிருந்து வரும். காண்டலின் தோற்றத்தோடு உரை வருவதே இத்துறையின் திரியக்கோடல்.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இப்பெயர்களைப் பயன்படுத்தாமலே இதே முடிவுக்கு வருகிறது. விளம்பரம் என்பதற்கு அது தரும் விளக்கம் எவ்வூடகத்தையும் எவ்வகை விளம்புகையையும் உள்ளடக்கும். மெய்நிகர் உலா அதற்குப் புறம்பாக முடியாது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ உள்ள தவறான கூற்றை நம்பி முன்பணம் தந்து இழப்புற்றவருக்கு மனை மேம்பாட்டாளர் ஈடு தரவேண்டும், விலக விரும்பினால் முழுத்தொகையையும் வட்டியோடு திருப்பவேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவெண்ணும் இடம்பெறவேண்டும் என்பது 11ஆம் பிரிவு. பதிவெண்ணைக் கொண்டு ஒப்புதல் பெற்ற வரைபடத்தைப் பார்த்து, கணினி உலாவின் சுவரளவோடு ஒப்பிடுவது இயலும் செயலே.

நிலப்பரப்பு 500 சதுர மீட்டரையோ அடுக்ககங்கள் 8ஐயோ தாண்டாத கட்டுமானத்திற்குப் பதிவு தேவையில்லை. மதுரைப் புறநகரில் கொத்தனாரும் மேஸ்திரியுமாகச் சேர்ந்து கட்டி விற்கும் தனி வீடுகள் பல இவ்வரம்புக்குள் அடங்குவன. பழைய வீட்டை அதன் உரிமையாளர் மறுவிற்பனை செய்கையில் மேம்பாட்டாளர் என்பவரே இல்லை. ஆக, பொய்க்க எளிதென்று அஞ்சப்படும் கணினி உலாவுக்கு வலிய காப்பும், நம்பத்தக்கதென்று கருதப்படும் ஒளிப்பட உலாவுக்கு மெலிந்த காப்பும் வாய்த்துள்ளன.

மறுவிற்பனையில் எஞ்சும் காப்பு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்கிறது அது. சுவரின் ஓதம் நேரில் வந்தவர்க்குக் கையால் தடவினாலே தெரியும். அதனால் விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என வாதிடலாம். துபாயிலிருந்து உலாவை மட்டும் பார்த்து வாங்கியவர் எடுத்துக்கொண்டது சாதாரணக் கவனமா? அந்த உலாவை ஒளி கலந்து ஆக்கித் தந்தவரே விற்பவர் எனில், கவனம் எங்கே தடைப்பட்டது?

இந்நிலப்பகுதியில் சாதாரணக் கவனம் என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர் சார்பில் தாய்மாமனோ சித்தப்பாவோ போய், குழாயைத் திறந்து பார்த்து, மொட்டைமாடியில் ஏறி, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எதிர்வீட்டாரிடம் கேட்டு வருவார். எதிர்வீட்டார் சொன்னதும் உரைதான். ஆனால் விலையில் பங்கில்லாதவரின் உரை. உலா வந்தபின் அந்தப் பயணம் வேண்டாததாகி வருகிறது. குறைந்த அளவில், ஒளிப்பட உலாவில் எடுத்த நாள், நேரம், வில்லையின் உயரம், தொடக்கப் பார்வைக் கோணம் ஆகியனவும், கணினி உலாவில் வரைபட எண், அறைகலன் அளவு, ஞாயிற்றின் நாளும் மணியும் ஆகியனவும் திரையின் மூலையில் தமிழில் நின்றால், படம் எடுத்ததா ஆக்கியதா என்னும் வினைச்சொல் பார்ப்பவருக்குத் திரும்பக் கிடைக்கும். தாய்மாமன் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளில் சிலவேனும் அங்கே எழும்.